காருக்கு முன்னாலும் நம்பர் பிளேட் ஏன்? மட்டக்களப்பிலிருந்து ஒரு பதில்

"கனடாவில் இருக்கிற என் அண்ணனின் காருக்குப் பின்னால் மட்டும்தான் நம்பர் பிளேட் இருக்கிறது. இங்கே முன்னாலும் இல்லாவிட்டால் பொலிஸ் மறிக்கிறது. இடத்துக்கு இடம் சட்டம் ஏன் இப்படி மாறுகிறது, எது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அண்ணன் எந்த மாகாணம் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒன்டாரியோ இல்லை என்று நினைக்கிறேன். நம்மூர் ஆக்கள் அதிகம் இருக்கிற டொரொன்டோ, ஸ்காப்ரோ எல்லாம் ஒன்டாரியோவில்தான். அங்கே காருக்கு இரண்டு பக்கமும் தகடு கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் மனிடோபாவிலும் அப்படியே. கியூபெக், அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான், நோவா ஸ்கோஷியா போன்ற இடங்களில் பின்னால் ஒன்று போதும். நியூ பிரன்ஸ்விக் 2019இல்தான் முன் தகட்டை விட்டது. அங்கெல்லாம் இதைத் தீர்மானிப்பது மாகாண அரசு, மத்திய அரசு இல்லை. அதனால்தான் ஒரே நாட்டுக்குள் இத்தனை வித்தியாசம். கார் எங்கே பதிவானதோ அந்த இடத்துச் சட்டம்தான் அதற்குப் பொருந்தும். கியூபெக் கார் ஒற்றைத் தகட்டோடு டொரொன்டோவுக்கு வந்து போகலாம், அதில் குற்றம் இல்லை. குடியேறிவிட்டால்தான் ஒன்டாரியோ தகடு எடுத்து இரண்டு பக்கமும் பூட்ட வேண்டும்.

அமெரிக்காவிலும் மாநில அரசுதான் தீர்மானிக்கிறது. கலிபோர்னியா, டெக்சாஸ், நியூயோர்க்கில் இரண்டு. புளோரிடா, ஜோர்ஜியா, பென்சில்வேனியா, மிச்சிகன் எல்லாம் பின்னால் மட்டும். ஒஹாயோ 2020 ஜூலையில் முன் தகடு தேவையில்லை என்றது. இரண்டாவது தகடு அடிக்கும் செலவு மிச்சம், காரின் பம்பரில் ஓட்டை போடத் தேவையில்லை என்பவைதான் இப்படி விடுவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். ஒஹாயோவில் பொலிஸ் தரப்பு இதை எதிர்த்தது. பாடசாலை பஸ் நிற்கும்போது எதிர்ப்பக்கமிருந்து நிற்காமல் போகிற காரை, அதன் முன் தகட்டை வைத்துத்தான் பஸ் சாரதி அடையாளம் காட்ட முடியும் என்ற வாதமும் அங்கே எழுந்தது. அந்த வாதத்தில் முழு நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து. அதற்குக் காரணம் இங்கே களுவாஞ்சிகுடிப் பக்கம் நடந்த ஒன்று.

பிரதான வீதியில் சைக்கிளில் போன பாடசாலைப் பையன் ஒருவனை ஒரு பட்டா (சின்ன லொறி) தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பையனுக்குக் கையில் முறிவு. பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தவர்களால் இலக்கத்தை வாசிக்க முடியவில்லை. நீட்டுக் கம்பி ஏற்றியிருந்ததால் பின் கதவைக் கீழே தொங்கவிட்டிருந்தார்கள். பட்டாவில் அந்தக் கதவு தொங்கினால் அதற்குக் கீழே இருக்கிற மஞ்சள் தகடு முழுதாக மறைந்துவிடும். கடைசியில் கைகொடுத்தது ஒரு கடை வாசலில் இருந்த கமரா. வண்டி அந்தக் கடையை நோக்கி வந்தபோது முன்னால் இருந்த வெள்ளைத் தகடு தெளிவாகப் பதிந்திருந்தது. அது இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் ஆரிடம் போய்க் கேட்டிருக்கும்?

நம் வீதிகளின் நிலைமை அப்படி. அறுவடைக் காலத்தில் வயலுக்குள் இருந்து வருகிற மெசினை, அதாவது உழவு இயந்திரத்தைப் பாருங்கள். மெசினின் பின் தகட்டை அது இழுத்து வருகிற பெட்டி மறைக்கும், பெட்டியில் இருக்கிற தகட்டைச் சேறு மறைக்கும். வைக்கோல் ஏற்றிய லொறியும் இதே கதைதான். சுமை எப்போதும் பின்பக்கம்தான், முன்பக்கத்தைச் சாரதி மறைக்க முடியாது. அதனால்தான் முன் தகடு நமக்கு அவசியம் என்கிறேன்.

நிறத்திலும் ஒரு பயன் இருக்கிறது. முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள் என்ற நம் ஏற்பாடு பிரித்தானியாவிலும் உண்டு. எட்ட நிற்பவருக்கும், ஏன் ஒரு படத்தைப் பார்ப்பவருக்கும், வண்டியின் எந்தப் பக்கம் தெரிகிறது என்று உடனே விளங்கும்.

மோட்டார் சைக்கிள் வேறு விஷயம். இங்கேயும் இந்தியாவிலும் அதற்கும் முன்னால் தகடு வேண்டும். பிரித்தானியாவில் அந்தக் கட்டாயத்தை 1975இல் எடுத்துவிட்டார்கள். முன் மட்காட்டின் மேல் நீளவாக்கில் நிமிர்ந்து நிற்கிற தகரம், மோதினால் நடந்து போகிறவரின் உடம்பை வெட்டும் என்பது அதற்கு எதிரான பெரிய வாதம். 1968 வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையும், எல்லை தாண்டி ஓடும் வாகனங்களுக்கு முன்னும் பின்னும் இலக்கம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் மட்டும் போதும் என்று விலக்குக் கொடுக்கிறது. அதை நானும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் பின் தகட்டை மேலே மடக்கிவிட்டு ஓடுகிற பொடியன்களை விடக் கூடாது.

எங்கே பூட்டுவது என்பதைவிட, அதில் என்ன எழுதுவது என்பதில்தான் இந்த நாட்டில் பெரிய பிரச்சினை வந்தது. சிங்கள ஸ்ரீ எழுத்து இலக்கத் தகட்டில் வந்தபோது 1958இல் தமிழரசுக் கட்சி போராடியதும், தார் பூசியதும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். பிறகு 2000ஆம் ஆண்டளவில் ஆங்கில எழுத்துகள் வந்தன. அவற்றோடு மாகாணத்தைக் காட்டும் ஈ.பீ. (கிழக்கு), டபிள்யூ.பீ. (மேற்கு) என்ற எழுத்துகளும் சேர்ந்தன. போர்க்காலத்தில் ஈ.பீ. வண்டியோடு கொழும்புக்குப் போனவர்களிடம் கேட்டால், சோதனைச் சாவடியில் அந்த இரண்டு எழுத்து என்ன செய்தது என்று சொல்வார்கள். கொழும்பில் வாங்கிய வண்டியை இங்கே ஒருவர் பெயருக்கு மாற்றினாலும் தகட்டையே மாற்ற வேண்டியிருந்தது. 2023 ஜனவரியோடு அந்த மாகாண எழுத்துத் தேவையில்லை என்றாகிவிட்டது. நல்ல முடிவு. இலக்கம் ஒன்றே வண்டியைக் கண்டுபிடிக்கப் போதும், சாரதி எந்தப் பக்கத்து ஆள் என்று வீதியில் நிற்கிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக, பம்பர் இடிபட்டு முன் தகடு கழன்று தொலைந்துவிட்டால், ஸ்டிக்கர் கடையில் ஒன்றை அடித்து ஒட்டிக்கொண்டு ஓடாதீர்கள். பொலிஸில் முறைப்பாடு போட்டு, அதன் பிரதியோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதுத் தகட்டுக்கு விண்ணப்பியுங்கள். தகடு வரும்வரை அந்த முறைப்பாட்டுப் பிரதியை வண்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.