பள்ளிப் பக்கத்துக் கடையில் குட்கா: சோதனையில் ஏன் சிக்கவில்லை?

பள்ளிப் பக்கத்துக் கடையில் குட்கா விற்பதாகப் புகார் கொடுத்தும் சோதனையில் எதுவும் சிக்கவில்லை என்றால், மறுபடி புகார் கொடுங்கள். இம்முறை சரக்கு எங்கே இருக்கிறது, எந்நேரம் கைமாறுகிறது என்று எழுதுங்கள்.

அதிகாரி வந்தபோது கடையில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். பெரும்பாலும் சரக்கு பக்கத்து வீட்டிலோ நிறுத்திய வண்டியிலோ இருக்கும். பள்ளி விடும் நேரத்தில் தள்ளி நின்று பாருங்கள்: யாராவது குட்கா கேட்டதும் கடைக்காரர் எந்தப் பக்கம் போகிறார்? தேதி, நேரம், வண்டி எண் குறியுங்கள்.

தமிழ்நாட்டில் குட்கா பற்றிய புகாரை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுங்கள். சிகரெட், பீடி என்றால் காவல் நிலையத்தில். பள்ளிச் சுற்றுச்சுவரிலிருந்து 100 கெஜத்துக்குள் (சுமார் 91 மீட்டர்) எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது. ஆனால் அதற்கு அபராதம் 200 ரூபாய் வரைதான். சிறுவர்களுக்கு விற்றதைப் பார்த்திருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்: சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு.

சோதித்துப் பார்க்கவென்று எந்தப் பையனையும் வாங்க அனுப்பாதீர்கள்.