சில்லறை யாரிடம் இருந்தது?

கேள்வி: ராமேசுவரத்தில் 12 ரூபாய்த் தேநீருக்கும் கைப்பேசியை நீட்டுகிறார்கள். கணக்கில் பணம் கழிந்தும் கடைக்காரருக்குப் போய்ச் சேராமல் தவித்தவர்கள்கூட மறுநாள் அதையேதான் செய்கிறார்கள். சில்லறையைக் கையில் வைத்துக்கொள்ளச் சோம்பல் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் உண்டா?
(தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: சில்லறையைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். அது நம் கைக்கு என்றைக்கு ஒழுங்காக வந்தது? ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் வரும் பேருந்தில் 100 ரூபாயை நீட்டினால் நடத்துநர் மீதியைப் பயணச்சீட்டின் பின்புறம் எழுதித் தருவார். இறங்கும் அவசரத்தில் அதைக் கேட்காமல் போனவர்கள் கொஞ்சமல்ல. மளிகைக் கடையில் 2 ரூபாய்க்குப் பதிலாக மிட்டாயைத் திணித்தார்கள். எல்லாவற்றையும்விடக் கொடுமை 10 ரூபாய் நாணயத்துக்கு நேர்ந்தது. 14 வடிவங்களில் வெளியான அந்த நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாக அறிவித்த பிறகும் நம் பக்கத்துக் கடைகளில் அதை வாங்க மறுத்தார்கள். இதைக் கண்டித்து இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன்; மறுப்பவர்கள் இருக்கும்வரை எழுதுவேன். அரசு வெளியிட்ட நாணயத்தைச் செல்லாது என்று சொல்ல எந்தக் கடைக்காரருக்கும் உரிமை கிடையாது. 12 ரூபாய்த் தேநீருக்குச் சரியாக 12 ரூபாய் மட்டுமே கழிகிறது என்பதைக் கண்டுகொண்ட மக்களைச் சோம்பேறிகள் என்பது அநியாயம்.

யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அதே ஆண்டு நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டபோது, பலர் வேறு வழியின்றிக் கைப்பேசி வழியே பணம் செலுத்தத் தொடங்கினார்கள். புதிய நோட்டுகள் தாராளமாகப் புழங்கிய பின்பும் ஏன் விடவில்லை என்றால், இந்தக் கடற்கரையின் வருமானத்தில் ஒரு பங்கு முன்பே வங்கிக் கணக்குக்கு வரத் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலத்தின் நிவாரணம் கணக்கில்தான் ஏறுகிறது. கீழக்கரைக்கும் தொண்டிக்கும் வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணமும் அப்படியே. அதை எடுக்க ஆட்டோ பிடித்து ஏடிஎம் வரை போய், இயந்திரத்தில் பணம் இல்லை என்று திரும்பி வந்தவர்களுக்கு, கணக்கிலிருந்தே அரிசிக் கடைக்குக் கொடுப்பது எவ்வளவு பெரிய விடுதலை! வாங்கிக்கொள்ளும் கடைக்காரருக்கும் 2020 ஜனவரி முதல் இதற்குக் கட்டணம் இல்லை.

பாம்பன் சாலையோரத்தில் கருவாடு விற்கும் அம்மாவைக் கவனித்துப் பாருங்கள். உப்பும் செதிலும் ஒட்டிய கையால் அவர் கைப்பேசியைத் தொடுவதே இல்லை. நெத்திலிக் கூடைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு பெட்டி, இவ்வளவு ரூபாய் வந்துவிட்டது என்று தமிழில் சொன்ன பிறகே பொட்டலத்தை நீட்டுகிறார். போலி ரசீதுப் படத்தைக் காட்டிவிட்டு நடையைக் கட்டும் மோசடி அந்தக் குரலிடம் பலிக்காது. எனக்குள்ள மனக்குறை வேறு. கூடையின் மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை பல இடங்களில் மகன் பெயரிலோ மருமகன் பெயரிலோ இருக்கிறது. நாள் முழுவதும் வெயிலில் உட்கார்ந்து விற்றவர், மாலையில் தன் பணத்தை இன்னொருவரிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வீடு போய் அந்தப் பெண்கள் பெயரிலேயே அட்டை எடுத்துக் கொடுப்பதை வங்கிகள் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும்.

பணம் கழிந்து தவித்தவர்கள் மறுநாளும் அதையே செய்கிறார்கள் என்றால், பெரும்பாலும் அந்தப் பணம் திரும்பி வந்துவிடுகிறது என்பதே காரணம். வராமல் போனாலும் விதி நம் பக்கம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, கடைக்குச் செலுத்திய யுபிஐ தொகை போய்ச் சேரவில்லை என்றால் 5 நாளுக்குள்ளும், தனிநபருக்கு அனுப்பியது சேரவில்லை என்றால் மறுநாளுக்குள்ளும் அது நம் கணக்குக்குத் திரும்பியாக வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீட்டை, நாம் கேட்காமலேயே தர வேண்டும். உங்களுக்குத் தெரிந்தவர் யாருக்காவது அது வரவில்லை என்றால் வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.