58 வயதில் ஒரு பிபி கருவி – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓர் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் பராமரிப்புப் பிரிவில் 33 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். டிப்ளமோ படித்தவன். அடுத்த ஆண்டு 58 வயதில் ஓய்வு. பிஎஃப், பணிக்கொடை எல்லாம் சேர்ந்து 40 லட்சம் வரும். முதியவர்கள் வீட்டிலேயே பயன்படுத்தும் பிபி கருவியும், அந்த அளவைப் பிள்ளைகளின் ஃபோனுக்கு அனுப்பும் செயலியும் செய்து விற்க ஆசை. மாதிரி ஒன்று தயார். என் கையில் கட்டிப் பார்த்தால் டாக்டரின் கருவியோடு ஒத்துப்போகிறது. இந்த வயதில் வேண்டாம் என்கிறான் மகன். காலம் கடந்துவிட்டதா?

ஆர்., தூத்துக்குடி

அன்புள்ள ஆர்.,

டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது அவருக்கும் 58 வயது. ஆகவே வயது தடையில்லை. ஆனால் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தயாரிக்கும் ஆரோலேப் வந்தது 1992இல். அதுவரை 16 ஆண்டுகள், வாழ்நாளெல்லாம் கைவந்த அறுவைசிகிச்சையையே அவர்கள் செய்தார்கள். நீங்கள் 1992இல் தொடங்கப் பார்க்கிறீர்கள். உங்கள் 1976 எது என்று முதலில் பார்ப்போம்.

மாதிரி உங்கள் கையில் சரியாகக் காட்டுவதை நம்பிவிடாதீர்கள். கையில் சுற்றும் காற்றுப்பட்டையான கஃபிலிருந்து நொடிக்கு 2, 3 மி.மீ. (பாதரச அளவு) வீதம் அழுத்தம் இறங்கும்போது நாடித்துடிப்பு உள்ளே சிறு அலைகளை எழுப்புகிறது. அலையின் உயரம் பெரும்பாலும் 1 முதல் 3 மி.மீ.தான். அது உச்சம் தொடும் இடம் சராசரி அழுத்தம். கருவி நேராகப் பிடிப்பது அந்த ஒன்றை மட்டுமே. மேல் எண், கீழ் எண் இரண்டும் கணக்கு: உச்ச அலையில் ஏறக்குறைய பாதி உயரம் இருக்கும் இடம் மேல் எண், 0.8 பங்கு இருக்கும் இடம் கீழ் எண் என்பதுபோல ஒரு விகிதம். அந்த விகிதத்தை நீங்கள் உங்கள் கைக்குப் பொருத்தி வைத்திருக்கிறீர்கள். ரத்தக்குழாய் இறுகிப்போன 75 வயதுக்காரருக்கு அலையின் வடிவமே வேறு. நாடி ஒழுங்கில்லாமல் துடிப்பவருக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வரும். நீங்கள் விற்க நினைப்பதோ இவர்களுக்குத்தான். பம்புக்கும் சென்சாருக்கும் ஒரே மின்வழி கொடுத்திருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள். பம்ப் இழுக்கும் மின்சாரம் போலி அலையாக வாசிப்பில் ஏறும்.

இதற்கான பரிசோதனை முறை ஐஎஸ்ஓ 81060-2 என்னும் சர்வதேசத் தரநிலை. குறைந்தது 85 பேர், ஆளுக்கு மூன்று வாசிப்பு, மொத்தம் 255. ஒவ்வொன்றையும் பயிற்சி பெற்ற இருவர் ஸ்டெதஸ்கோப்பில் கேட்டு, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் குறிக்க வேண்டும். சராசரிப் பிழை 5 மி.மீ.க்குள்ளும் திட்ட விலக்கம் (பிழைகளின் சிதறல்) 8 மி.மீ.க்குள்ளும் அடங்க வேண்டும். ஆண், பெண் இரு தரப்பும் 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மேல் எண்களில் 20 சதவீதமாவது 140 அல்லது அதற்கு மேல், 5 சதவீதமாவது 160 அல்லது அதற்கு மேல், 5 சதவீதமாவது 100 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இந்தக் கடைசி 5 சதவீதத்தில்தான். 100க்குக் கீழே உள்ளவர்களைத் தேடியே மாதங்கள் ஓடும். முதல் ஆளைக் கட்டிப் பார்க்கும் முன்பே மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதலும், மருத்துவப் பரிசோதனைகளுக்கான தேசியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவும் கையில் இருக்க வேண்டும்.

சட்டம் தனி. மருத்துவ சாதன விதிகள் 2017இன்படி பிபி கருவி பி வகுப்பு. உரிமம் தருவது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை; விண்ணப்பம் எம்டி-3, உரிமம் எம்டி-5. கட்டணம் சிறியது: இடத்துக்கு 5,000 ரூபாய், சாதனத்துக்கு 500. கடினம் வேறிடத்தில். தயாரிப்பை மேற்பார்வை செய்பவர் டிப்ளமோ என்றால், மருத்துவ சாதனத் தயாரிப்பிலோ பரிசோதனையிலோ நான்கு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். பட்டதாரி என்றால் இரண்டு. ஆலையில் உழைத்த 33 ஆண்டுகள் இந்தக் கணக்கில் வராது. தகுதியுள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டிவரும். பரிசோதனைக்காகச் சில கருவிகள் மட்டும் செய்வதென்றாலும் எம்டி-12இல் விண்ணப்பித்து எம்டி-13 உரிமம் வாங்க வேண்டும்.

இப்போது உங்கள் 1976. பாதரச மானி மெல்ல மறைகிறது. அந்த இடத்துக்கு வந்த டயல் மானி ஒருமுறை மேசையிலிருந்து விழுந்தால் போதும், முள் நகர்ந்துவிடும். அதைச் சரிபார்க்க ஊரில் ஆள் கிடைப்பது அரிது. ஆலையில் பிரஷர் கேஜ் சரிபார்த்தவருக்கு இது பழகிய வேலை. 0–300 மி.மீ. வரை பிழை 0.8க்கு மிகாத, சான்றிதழுள்ள டிஜிட்டல் மானி ஒன்று, 500 மி.லி. கெட்டியான உலோகக் கலன், டி இணைப்பு, குழாய், கைப்பம்ப் வாங்குங்கள். கஃபுக்குப் பதில் கலனை இணைத்து 0, 50, 100, 150, 200, 250 என ஏற்றத்திலும் இறக்கத்திலும் உங்கள் மானியும் கிளினிக் கருவியும் காட்டும் எண்களைக் குறியுங்கள். எங்கேயும் 3 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது. டிஜிட்டல் கருவியாக இருந்தால் அதன் சர்வீஸ் முறைக்குள் போனால்தான் இது முடியும். கருவிக்குக் கருவி வழி மாறும். கசிவு பார்க்கும்போது அழுத்தத்தை நிறுத்தி ஒரு நிமிடமாவது காத்திருந்து பிறகு எண்ணத் தொடங்குங்கள். ஊதிய காற்று சூடாக இருக்கும். அது ஆறும்போது இறங்குவதைக் கசிவு என்று எழுதிவிடுவோம்.

கருவியைத் திறந்து திருகாதீர்கள். அளவு தப்பினால் தப்பியது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். நாடி அலையைப் போலியாக எழுப்பும் பிபி சிமுலேட்டரை இப்போதைக்கு வாங்க வேண்டாம். விலை அதிகம், கருவி சொன்னதையே திரும்பச் சொல்கிறதா என்றுதான் அது காட்டும், மனிதக் கையில் சரியா என்று காட்டாது.

கஃபையும் கூடவே பாருங்கள். உள்ளே இருக்கும் பையின் நீளம் கைச்சுற்றளவில் 80 சதவீதம் வேண்டும். பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் பிபி கூடுதலாகக் காட்டும், அந்த எண்ணை நம்பி மாத்திரையும் கூடும். கை இதயத்துக்கு 10 செ.மீ. கீழே தொங்கினாலே ஏறக்குறைய 8 மி.மீ. ஏறும். நல்ல கருவியும் தப்பாகச் சொல்லும் இடங்கள் இவை. எனக்கு மனம் பதறுவது இங்கேதான், ஏனென்றால் ஆயுள் முழுக்க மருந்து முடிவாவது அந்த ஓர் எண்ணை வைத்து.

செயலியைத் தள்ளிவையுங்கள். எண்ணை அனுப்புவதோடு நின்றால் சிக்கல் குறைவு. மாத்திரையைக் கூட்டு, குறை என்று சொல்லத் தொடங்கினால் மென்பொருளே தனி மருத்துவ சாதனமாகக் கணக்கிடப்படும்.

பணத்தில் மகன் பக்கம் நியாயம் இருக்கிறது. வீட்டுச் செலவுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் முதலில் ஒதுக்குங்கள். மீதியில் தொலைந்தாலும் தூக்கம் கெடாத தொகையை மட்டும் போடுங்கள். என் கணக்கில் அது 5 லட்சத்தைத் தாண்ட வேண்டியதில்லை. வீட்டை அடகு வைக்காதீர்கள். கருவி செய்யும் கட்டத்துக்கு மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்ப நிறுவனமான பைராக் அமைப்பின் பிக் மானியம் இருக்கிறது: 18 மாதங்களுக்கு 50 லட்சம் வரை. அதற்கு விண்ணப்பிக்கும்போது எந்தக் குறையை எப்படித் தீர்க்கிறீர்கள் என்று கேட்பார்கள். நூறு கருவிகளைச் சோதித்த பதிவேடு இருந்தால் பதில் அதிலிருந்தே வரும்.

ஓய்வுக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. விடுமுறை நாட்களில் தெரிந்த கிளினிக்குகளில் இருபது கருவிகளை இலவசமாகச் சோதியுங்கள். மாடல், வாங்கிய ஆண்டு, கஃப் அளவு, ஆறு புள்ளிகளிலும் பிழை, கசிவு எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். அதன் நகலை அனுப்பினால், எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்