ஸ்டப்ஸுக்கும் கேம்பியனுக்கும் எப்படி வாதாடுவது?

கேள்வி: நான் சட்டக் கல்லூரி மாணவி. மாதிரி நீதிமன்றப் போட்டியில் எங்கள் அணிக்கு முதலாம் எலிசபெத் அரசியின் காலத்து வழக்குகள் இரண்டு தரப்பட்டுள்ளன. அரசியின் திருமணப் பேச்சை எதிர்த்து எழுதியதற்காக 1579-ல் வலக்கை வெட்டப்பட்ட ஜான் ஸ்டப்ஸ் ஒருவர்; இவர் பியூரிட்டன், அதாவது தீவிரப் புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்தவர். 1581-ல் ராஜத்துரோகக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட கத்தோலிக்கக் குரு எட்மண்ட் கேம்பியன் இன்னொருவர். இருவருக்காகவும் மேல்முறையீட்டில் வாதாட வேண்டும். அக்காலச் சட்டத்தை மட்டுமே மேற்கோள் காட்டலாம். நாங்கள் மத சுதந்திரத்தை மையமாக வைத்து எழுதினோம். அது எடுபடாது என்கிறார் எங்கள் பேராசிரியர். வேறு வழி உண்டா?

பதில்: உங்கள் பேராசிரியர் சொல்வது சரி. மத சுதந்திரம் என்ற உரிமை அன்றைய இங்கிலாந்தின் எந்தச் சட்டத்திலும் இல்லை. 1559-ன் சட்டங்கள் அரசியைத் திருச்சபையின் தலைமை ஆளுநராக்கின. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வராதவருக்குப் பன்னிரண்டு பென்ஸ் அபராதம் விதித்தன. 1581-ல் அதே அபராதம் மாதம் இருபது பவுண்டாக உயர்ந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், உங்கள் கட்சிக்காரர்களே அந்த வாதத்தை ஏற்க மாட்டார்கள். கத்தோலிக்கரிடம் அரசி மென்மையாக நடந்துகொள்கிறார் என்பதே பியூரிட்டன்களின் முக்கியமான குறை. கை போன பிறகு ஸ்டப்ஸ் என்ன செய்தார் தெரியுமா? அரசியின் அமைச்சர் பர்லி பிரபு கேட்டுக்கொண்டபடி, கத்தோலிக்கத் தலைவர் வில்லியம் ஆலனுக்கு மறுப்பு எழுத உட்கார்ந்தார். ஆகவே இருவரையும் ஒரே கொள்கையின் கீழ் நிறுத்த முயலாதீர்கள். எந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டினார்கள், அந்தச் சட்டம் இவருக்குப் பொருந்துமா என்று மட்டும் கேளுங்கள். உங்கள் பலம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஸ்டப்ஸ். அரசி பிரெஞ்சு மன்னரின் தம்பியான அஞ்சூ கோமகனை, ஒரு கத்தோலிக்கரை, மணக்கலாம் என்ற பேச்சு நடந்தபோது அதைக் கண்டித்து இவர் நூல் வெளியிட்டார். லண்டன் வழக்கறிஞர் சங்கமான லிங்கன்ஸ் இன்னில் படித்த வழக்கறிஞர் இவர், நம் தொழில்காரர். இவரைத் தண்டிக்கப் பயன்பட்டது எலிசபெத்தின் அக்கா மேரி, தம் கணவர் பிலிப்போடு ஆண்டபோது வந்த சட்டம். பிலிப்பையும் மேரியையும் பற்றி அவதூறு எழுதுபவரின் வலக்கையை வெட்டலாம் என்றது அது. மேரி 1558-ல் இறந்துவிட்டார், பிலிப் அதன் பின் இங்கிலாந்தின் மன்னர் அல்லர். அப்படியானால் அந்தச் சட்டத்துக்கு உயிர் எங்கே இருக்கிறது? இதை நான் இன்று கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அன்றே வழக்கறிஞர்கள் சிலர் கேட்டார்கள். கேட்டவர்களில் டால்ட்டன் என்பவர் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார். நீதிபதி ராபர்ட் மான்சன் கடுமையாகக் கண்டிக்கப்பட்டுப் பதவியை விட்டார். சட்டத்தின் பொருள் என்ன என்று கேட்ட நீதிபதிக்கே அந்தக் கதி நேர்ந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? இங்கிலாந்தில் அரசர் இறப்பதே இல்லை, அரச பதவி தொடர்கிறது, மேலும் எலிசபெத்தின் முதல் ஆண்டிலேயே இந்தச் சட்டம் புதுப்பிக்கப்பட்டது என்று தலைமை நீதிபதி கிறிஸ்டோபர் ரே சொன்னதை எடுத்துப் போடும். புதுப்பித்த சட்டம் உண்மையிலேயே இருக்கிறது, அதை மறைக்காதீர்கள். அதை ஒப்புக்கொண்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்: அரசியின் திருமணத்தால் நாட்டுக்கும் சமயத்துக்கும் ஆபத்து என்று எச்சரிப்பது தீய எண்ணத்தோடு அவதூறு செய்வதாகுமா? இவருடைய நோக்கத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் வெஸ்ட்மின்ஸ்டரில் அவர் கை வெட்டப்பட்ட மேடையையே காட்டலாம். வெட்டுக்கத்தியை மணிக்கட்டில் வைத்து, மரச்சுத்தியால் ஓங்கி அடித்துக் கையைத் துண்டித்தார்கள். ஸ்டப்ஸ் இடக்கையால் தொப்பியைக் கழற்றி, கடவுள் அரசியைக் காப்பாராக என்று உரக்கச் சொன்னார். கூட்டம் வாய் திறக்கவில்லை. அங்கே நின்று பார்த்த வரலாற்றாசிரியர் வில்லியம் கேம்டன் பதிவு செய்தது இது. தண்டனைக்குப் பிந்தைய நடத்தை சாட்சியமாகாது என்பார்கள், சட்டப்படி அது சரிதான். ஆனாலும் நீதிபதிகளின் காதில் அது விழட்டும்.

கேம்பியன் வழக்கு கடினமானது. 1570-ல் போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ் அரசியைச் சபையிலிருந்து விலக்கி, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று ஆணை பிறப்பித்தார். அதற்கு முந்தைய ஆண்டு வடபகுதியில் கிளர்ச்சி நடந்திருந்தது. கேம்பியன் வந்திறங்கிய 1580-லேயே அயர்லாந்தின் ஸ்மெர்விக்கில் போப்பாண்டவர் அனுப்பிய படையும் இறங்கியது. அரசின் அச்சம் கற்பனை அல்ல. அதை நீங்கள் கேலி செய்தால் தோற்பீர்கள்.

குருவாக இருந்தது குற்றம் என்று அவர்மீது வழக்கு இல்லை என்பதைப் பற்றிக்கொள்ளுங்கள். அதைக் குற்றமாக்கிய சட்டம் 1585-ல்தான் வந்தது. ரோமிலும் பிரான்சின் ரீம்ஸிலும் அரசியைக் கொல்லச் சதி செய்ததாக, மூன்றாம் எட்வர்டின் 1351-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டினார்கள். அந்தச் சட்டம் வெளிப்படையான செயல் ஒன்று நிரூபிக்கப்பட வேண்டும் என்று கேட்கிறது. அரசுத் தரப்பிடம் இருந்தவை ஒற்றர்களின் வாக்குமூலங்கள். அதே குற்றப்பத்திரிகையில் இருந்த ஜான் காலட்டன் என்ற குரு, ரீம்ஸில் சதி நடந்ததாகச் சொன்ன நாளில் லண்டனில் தன்னோடு இருந்தார் என்று ஒருவர் சாட்சி சொன்னதால் தப்பினார். ஒருவர் விஷயத்தில் பொய்யான தேதி மற்றவர்களுக்கு எப்படி மெய்யாகும்? உங்கள் வாதத்தின் முதுகெலும்பாக இதை வையுங்கள். ராஜத்துரோகத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்ற ஆறாம் எட்வர்ட் காலச் சட்டத்தையும் சேருங்கள். மேரியின் 1554-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கிவிட்டது என்று பதில் வரும், தயாராக இருங்கள்.

சித்திரவதையைத் தனிவாதமாக்குங்கள். இங்கிலாந்தின் பொதுச் சட்டம் (காமன் லா) அதை அங்கீகரிக்கவில்லை. அரசியின் ஆலோசனைக் குழு தன் ஆணையால் செய்தது. குற்றச்சாட்டைப் படித்தபோது வழக்கப்படி கேம்பியன் கையை உயர்த்த வேண்டும். உடலை இழுத்து வதைக்கும் இழுப்புக் கட்டிலில் சிதைந்த கை எழவில்லை. உடனிருந்த கைதி ஒருவர் அவருடைய சட்டைக் கையை விலக்கி, அந்தக் கையை முத்தமிட்டு உயர்த்திப் பிடித்தார். அவருக்காகப் பேச வழக்கறிஞர் இல்லை. ராஜத்துரோக வழக்கில் அந்த உரிமை 1696-ல்தான் கிடைத்தது. விசாரணைக்குத் தலைமை வகித்தவர் ஸ்டப்ஸ் வழக்கில் அந்தச் சட்டம் செல்லும் என்ற அதே ரே. போப்பாண்டவரின் 1570-ஆம் ஆண்டு ஆணைக்குக் கத்தோலிக்கர் இப்போதைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று கேம்பியன் குழு 1580-ல் ரோமில் விளக்கம் பெற்றது. அதை எதிர்த்தரப்பு ‘இப்போதைக்குத்தானே’ என்று திருப்பும். அவர்களுக்கு முன்பே நீங்கள் எடுத்துவிடுங்கள்.

நேரம் மிஞ்சினால், இரு தரப்பையும் உண்மையில் இணைக்கும் இடத்தைத் தொடலாம். போப்பாண்டவரின் படை வந்தால் யார் பக்கம் நிற்பாய் என்று கத்தோலிக்கரைக் கேட்டார்கள். என்ன குற்றச்சாட்டு என்று சொல்லாமலே, எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வதாகச் சத்தியம் செய் என்று பியூரிட்டன் போதகர்களை, திருச்சபை வழக்குகளை விசாரித்த உயர் ஆணைய நீதிமன்றம் வற்புறுத்தியது. ஸ்டப்ஸின் மைத்துனர் தாமஸ் கார்ட்ரைட் அதை மறுத்துச் சிறையில் கிடந்தார். செய்யாத செயலுக்காக, நினைப்பைத் தோண்டியெடுக்கும் விசாரணைதான் இரண்டும். அந்தச் சத்தியமுறை 1641-ல் ஒழிந்தது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் நம் அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவுக்கு வேர் தேடுபவர்கள் அங்கேதான் போய் நிற்கிறார்கள். போட்டி விதிப்படி அந்தப் பிரிவை நீங்கள் மேற்கோள் காட்ட முடியாது. நீதிபதிகளாக அமர்பவர்களுக்கு அது தானே நினைவுக்கு வரும்.

ஸ்டப்ஸை முதலில் வாதிடுங்கள், கேம்பியனுக்கு இரு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். இரண்டையும் ஒரே பேச்சாளரிடம் கொடுக்க வேண்டாம்.