கம்ப்யூட்டர் கேபினெட்டில் பூட்டு மாட்டிக்கொண்டதா? மூடியை இழுக்காதீர்கள்

கேள்வி: ஆபீஸில் ஓடிய பழைய டவர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட வேண்டும். பின்பக்கம் இரும்பு வயரோடு ஒரு பூட்டு தொங்குகிறது. கொடுத்த சாவி உள்ளே போகிறது, கொஞ்சம் திரும்பி நின்றுவிடுகிறது. சைடு மூடி கழலவில்லை. பலமாகத் திருப்பலாமா, அறுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். சாவி உள்ளே போய்க் கொஞ்சமாவது திரும்புகிறது என்றால், பெரும்பாலும் அது சரியான சாவிதான், பூட்டும் கெட்டுப்போகவில்லை. பூட்டின் மேல் எங்கோ இழுவை விழுகிறது. அதைத் தளர்த்தினால் போதும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது கென்சிங்டன் வகைப் பூட்டு. கேபினெட்டின் பின்பக்கத் தகட்டில் சுமார் 7 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை இருக்கும். பூட்டின் மூக்கு ஆங்கில 'T' எழுத்து மாதிரி இருக்கும். அது துளைக்குள் நேராகப் போய், சாவியைத் திருப்பியதும் கால் சுற்று சுற்றிக் குறுக்கே நின்றுகொள்ளும். வெளியே வர வேண்டுமென்றால் மறுபடி துளைக்கு நேராகத் திரும்பியாக வேண்டும். பல ஆபீஸ் டவர்களில் இந்த மூக்கு ஒரு தகட்டை மட்டும் பிடிப்பதில்லை. சைடு மூடியின் ஓரம், கேபினெட்டின் உடல் இரண்டிலும் உள்ள துளைகள் வழியாகப் போகிறது. அதனால்தான் பூட்டு இருக்கும் வரை மூடி கழலாது.

சிக்கலும் இங்கேதான். மூடி வரவில்லை என்றதும் எல்லோரும் அதைப் பின்னால் இழுத்துப் பார்ப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால்கூட இரண்டு துளைகளும் விலகி, கத்தரிக்கோலின் இரண்டு அலகு போல நடுவில் உள்ள மூக்கை நெரித்துவிடும். அப்புறம் சாவி எப்படித் திரும்பும்? மேஜைக்குப் பின்னால் வருடக்கணக்கில் தொங்கிய வயரின் கனம் வேறு பூட்டை ஒரு பக்கமாகச் சாய்த்திருக்கும். கடலோர ஊர் என்றால் துருவும் சேர்ந்திருக்கும்.

முதலில் சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். டவரைச் சுவரிலிருந்து விலக்கி, நல்ல வெளிச்சத்தில் நேராக நிறுத்துங்கள். பூட்டின் வயர் எதிலும் இழுபடாமல் தளர்வாகக் கிடக்கட்டும். மூடி முன்பு கழற்றப் பார்த்த நிலையிலேயே இருக்கும். அதை உள்ளங்கையால் முன்பக்கமாகத் தள்ளி, முழுதாக மூடிய நிலைக்குக் கொண்டு வாருங்கள். சில சமயம் 'டக்' என்ற சத்தமே கேட்கும். மூடியில் ஸ்க்ரூ இருந்து அதைக் கழற்றியிருந்தால், திரும்ப மாட்டிவிடுங்கள்.

இனி இடது கையால் பூட்டின் தலையைப் பிடித்து, கேபினெட்டை நோக்கி லேசாக அழுத்துங்கள். அழுத்தியபடியே பூட்டை மேலும் கீழும் சிறிது அசைத்துக்கொண்டு, வலது கையால் சாவியைத் திருப்புங்கள். ஏதோ ஒரு இடத்தில் கை லேசாவது தெரியும், அங்கேதான் திரும்பும். சாவியைக் கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருப்பவே கூடாது. குழாய் மாதிரி இருக்கும் இந்தச் சாவியின் விளிம்பு நசுங்கினால், நல்ல பூட்டும் திறக்காது.

வரவில்லையா? தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அதைச் சாவித் துளையில் ஊற்றாதீர்கள், சாவி முனையில் தடவி உள்ளே விட்டு எடுங்கள், நான்கைந்து முறை. அரை மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுக்காகி இறுகும். பூட்டுக்குக் கிராஃபைட் தூள் நல்லது என்று சொல்வார்கள். வீட்டுக் கதவுக்குச் சரி, இங்கே கூடாது. கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், துளை வழியே மதர்போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகலாம்.

எண் பூட்டாக இருந்தாலும் இதே முறைதான். எண்ணைச் சரியாக வைத்த பின், ஒவ்வொரு சக்கரத்தையும் மயிரிழை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். தேய்ந்த சக்கரங்கள் கோட்டுக்கு நேராக நிற்காது.

சாவியே தவறானது என்று தெரிந்தால், விற்றவரிடம் கேளுங்கள். மொத்தமாகப் பூட்டு வாங்கும் ஆபீஸ்களில் எல்லாவற்றையும் திறக்கும் மாஸ்டர் சாவி இருப்பதுண்டு. அதுவும் நடக்காவிட்டால் வாங்கிய பில்லோடு பூட்டுக்காரரிடம் போங்கள். வயரை மட்டும் வெட்டிப் பயனில்லை, தலை அங்கேயேதான் இருக்கும்.

அறுக்கவோ துளைக்கவோ நேர்ந்தால், எனக்குப் பூட்டைப் பற்றிக் கவலையில்லை, இரும்புத் தூளைப் பற்றித்தான் கவலை. காற்றுத் துளைகள், யுஎஸ்பி போர்ட்டுகள் என்று பின்பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் டேப்பால் ஒட்டி மூடச் சொல்லுங்கள். கிரைண்டர் வேண்டாம், தீப்பொறி உள்ளே போகும். துளைக்கும்போது பின்பக்கம் கீழே சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் தூள் வெளியே விழும். மூடியைத் திறந்ததும் கரண்ட் கொடுக்காமல், டார்ச் அடித்து ரேம் ஸ்லாட்டுகளைச் சுற்றிப் பாருங்கள். மினுக்கும் துகள் ஒன்று இருந்தாலும் பிரஷ்ஷாலும் ப்ளோயராலும் சுத்தம் செய்யுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெளியே பூட்டே இல்லாமல் மூடி வராத கேபினெட்டும் உண்டு. எச்பியின் சில ஆபீஸ் மாடல்களில் மின்சாரத்தால் இயங்கும் ஸ்மார்ட் கவர் லாக் இருக்கிறது. அதை வழக்கமாக பயாஸ் செட்டப்பில், அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையில், விடுவிக்க வேண்டும். நெம்பினால் தகடு வளையும், பூட்டு அசையாது.

எஸ்எஸ்டி போட்டு ஆன் செய்ததும் 'மூடி திறக்கப்பட்டது' என்ற பொருளில் ஆங்கில எச்சரிக்கை வரலாம். பயந்துவிடாதீர்கள், மூடியில் உள்ள சென்சாரின் வேலை அது. பயாஸில் போய் அந்தப் பதிவை அழித்தால் நின்றுவிடும். அங்கே பழைய ஆபீஸின் பாஸ்வேர்டு கேட்கக்கூடும். அதனால் சாவி விஷயமாக விற்றவரிடம் பேசும்போதே பயாஸ் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.