உயிலா, செட்டில்மெண்டா? நீலகிரி வாசகர்களின் சொத்துக் கேள்விகள்

பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கோத்தகிரியில் இருக்கிறேன். மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோத்தகிரி வாசகர்: ஐயா, சுயசம்பாத்தியத்தில் வாங்கிய இரண்டு ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. கோவையில் இருக்கும் மகன், "இப்போதே என் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதுங்கள்" என்கிறான். எழுதலாமா?

அவசரப்படாதீர்கள். செட்டில்மெண்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம். அது பதிவான அன்றே தோட்டம் உங்கள் கையை விட்டுப் போய்விடும். பிறகு பச்சைத் தேயிலைப் பணத்துக்கும் மகன் முகத்தைப் பார்க்க வேண்டும். உயில் அப்படியல்ல. உங்கள் காலத்துக்குப் பிறகுதான் அது நடப்புக்கு வரும். மனம் மாறினால் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதே செல்லும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள் என்பதே என் கட்சி. கட்டாயமாக வேண்டியவர்கள் இரண்டு சாட்சிகள். உங்களைவிட வயது குறைந்தவர்களாக, கூப்பிட்டால் நீதிமன்றத்துக்கு வரக்கூடியவர்களாகப் பாருங்கள். எண்பது வயதுப் பங்காளியைச் சாட்சியாகப் போட்டு என்ன பயன்? சொத்து பெறுகிறவரைச் சாட்சியாக்கவே கூடாது. கிறிஸ்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: சாட்சிக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது.

செட்டில்மெண்ட்தான் என்று முடிவெடுத்தால், ஆயுள் வரை அனுபவ உரிமை உங்களுக்கே என்றும், மகன் உங்களைப் பராமரிக்க வேண்டும் என்றும் பத்திரத்திலேயே எழுதுங்கள். பராமரிக்காமல் விட்டால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து அதை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த ஒரு வரி இல்லாமல் வந்து கண் கலங்கியவர்கள் பலர்.

குந்தா வாசகர்: பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. அவர் 1982இல் இறந்தார், அப்பாவும் இல்லை. சித்தப்பாக்கள் மூவர், அத்தைகள் இருவர். என் பங்குக்கு நான் உயில் எழுத முடியுமா?

எழுதலாம் தம்பி, ஆனால் எதை எழுதுவீர்கள்? ஊரில் யாரைக் கேட்டாலும் "அந்த சில்வர் ஓக் வரிசைக்குக் கீழே உங்களுடையது, மேலே சித்தப்பாவுடையது" என்று சொல்வார்கள். தாலுகா அலுவலகப் பதிவேட்டிலோ ஒரே சர்வே எண், ஒரே பெயர். மரத்தை வெட்டி விற்றுவிட்டால் எல்லையும் போயிற்று.

முதலில் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் வாரிசுச் சான்று வாங்குங்கள். அத்தைகளின் பெயரை விட்டுவிடாதீர்கள். "பெண்ணுக்குச் சீர் செய்துவிட்டோம்" என்ற பேச்சு சட்டத்தில் எடுபடாது. நிலம் தாத்தாவின் சுயசம்பாத்தியம் என்றால், உயில் எழுதாமல் அவர் இறந்தபோதே மகள்களுக்கும் சம பங்கு வந்துவிட்டது. பூர்வீகச் சொத்து என்றாலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் மகளுக்குப் பிறப்புரிமை தருகிறது. திருத்தம் வந்த அன்று தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையை அந்தத் திருத்தம் தொடாது.

அத்தைகள் மனதார வேண்டாம் என்றால், தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து சொன்ன வார்த்தை போதாது. அதன்பின் எல்லோரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம், பிறகு சர்வேயர் அளந்து உட்பிரிவு, தனிப்பட்டா. சித்தப்பாக்கள் இருக்கும்போதே இதை முடியுங்கள். அடுத்த தலைமுறையில் கையெழுத்துக்காக துபாய்க்கும் பெங்களூருக்கும் அலைய நேரிடும்.

கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் அப்பா அங்கத்தினராக இருந்தாரா? அந்தப் பங்கையும் மாற்றிக்கொள்ளுங்கள். பலருக்கு அது நினைவிலேயே இருப்பதில்லை.

கூடலூர் வாசகர்: எங்கள் நிலம் 1969ஆம் ஆண்டு ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் (ஜென்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழித்த சட்டம்) 17ஆம் பிரிவில் இருக்கிறது. பட்டா இல்லை. பிள்ளைகளுக்கு என்ன எழுதுவது?

உங்களிடம் இல்லாத உரிமையை உயிலால் உண்டாக்க முடியாது. அனுபவத்தில் உள்ள இடம், அதில் கட்டிய வீடு, பிற்காலத்தில் கிடைக்கக்கூடிய உரிமை என்று பிரித்து எழுதுங்கள். "என் பட்டா நிலம்" என்று எழுதிவைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். வீட்டு வரி ரசீதையும் பழைய ரேஷன் அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். முஸ்லிம் குடும்பம் என்றால், மற்ற வாரிசுகள் சம்மதிக்காதவரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத இயலாது.

குன்னூர் வாசகி: அம்மாவின் வங்கி வைப்புத்தொகைக்கு அண்ணன்தான் நாமினி. முழுப் பணமும் தனக்கே என்கிறார்.

இல்லை அம்மா. நாமினி பணத்தை வங்கியிடமிருந்து வாங்கிக்கொள்பவர், அவ்வளவுதான். உயில் இருந்தால் அதன்படி, இல்லாவிட்டால் வாரிசுரிமைப்படி பங்கிட வேண்டும். பங்குச் சந்தை முதலீட்டிலும் இதுவே நிலை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

ஊட்டி வாசகர்: வாரிசு வரி உண்டா?

இல்லை. 1985இலேயே எடுத்துவிட்டார்கள். விற்கும்போதுதான் மூலதன ஆதாய வரி.

கோத்தகிரி அருகே இருளர் சமூகப் பெண்: அப்பா நிலத்தில் எனக்குப் பங்கு கிடையாது என்கிறார்கள். உண்மையா?

இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது, வழக்காறுதான் பேசும். ஆனால் பெண்ணை விலக்கும் வழக்காறு இருப்பதாக நிரூபிக்கப்படாவிட்டால் அவளுக்கும் சம பங்கு உண்டு என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே "கிடையாது" என்பவர்கள்தான் அந்த வழக்காற்றைக் காட்ட வேண்டும். ஊட்டியில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்பதாலும் பழங்குடி என்பதாலும், வருமானம் எவ்வளவு இருந்தாலும் உங்களுக்கு வழக்கறிஞர் இலவசம். சாதிச் சான்றையும் நிலத்தின் சர்வே எண்ணையும் எடுத்துச் செல்லுங்கள். இடையில் யாராவது மனு எழுதப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.