பக்கத்து ஊர் அதிரடிப்படை வந்தால் யார் பேச்சைக் கேட்பது?

கே: ஒவ்வொரு ஊர் போலீஸும் தனக்கென்று அதிரடிப்படை வைத்து நன்றாகத்தான் பயிற்சி தருகிறது. அப்புறம் அக்கம்பக்கத்துப் படைகளோடு கூட்டுப் பயிற்சி எதற்கு? குறி தப்பாமல் சுடத் தெரிந்தால் போதாதா?

ப: பல வருடம் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சுடத் தெரியாததால் காரியம் கெடுவது அபூர்வம். 2022 மே 24 அன்று டெக்சாஸில் உவால்டே ஊரின் தொடக்கப் பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். பல துறைகளிலிருந்து 376 பேர் வந்து குவிந்தார்கள். அவனை வீழ்த்த 77 நிமிடம் ஆயிற்று. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் உயிரிழந்தார்கள். ஆளுக்கும் பஞ்சமில்லை, துப்பாக்கிக்கும் பஞ்சமில்லை. தலைமை யார் என்பதுதான் கடைசிவரை தெளிவாகவில்லை. போதாக்குறைக்கு, கட்டடத்துக்குள் வயர்லெஸும் சரியாக எடுக்கவில்லை.

சின்ன விஷயம் ஒன்று சொல்கிறேன். ஒரு வீட்டைச் சுற்றி வளைத்ததும் அதன் நான்கு பக்கத்துக்கும் அடையாளம் வைப்போம். சில படைகள் முன்பக்கத்தை ‘ஏ’ என்று தொடங்கி வரிசையாக எழுத்து வைக்கும். சில படைகள் 1, 2, 3, 4 என்று எண்ணும். பிரிட்டிஷ் பாணியில் முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் கறுப்பு. இரண்டு படை இரண்டு முறையோடு வந்து நின்று, ஒருவன் வயர்லெஸில் “மூன்றில் ஆள் தெரிகிறது” என்றால்? மற்றவன் மூன்றாவது மாடியைப் பார்ப்பான். உள்ளே போகும் குழுவுக்கு எதிரே நம் ஆளே துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கும் ஆபத்தும் இப்படித்தான் வருகிறது. இதையெல்லாம் சம்பவ இடத்தில் பேசித் தீர்க்க நேரம் கிடைக்காது.

கே: சரி, உதவிக்கு வந்த படை யார் உத்தரவுப்படி நடக்கும்?

ப: கூப்பிட்டவர் உத்தரவுப்படி. ஐரோப்பாவில் ‘அட்லஸ்’ என்ற பெயரில் பல நாட்டு அதிரடிப்படைகளின் கூட்டமைப்பு இருக்கிறது. 2008-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென்றே சட்டப்படி ஒரு முடிவு எடுத்தது. உதவி கேட்ட நாட்டின் பொறுப்பிலும் அதிகாரத்திலும், அந்த நாட்டுச் சட்டப்படியும்தான் வந்த படை இயங்க வேண்டும். தேவைப்படும்போது கூட்டுப் பயிற்சி நடத்த வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் காகிதத்தில் இருப்பதை ஒத்திகையில் பார்த்தால்தான் உண்டு. நேற்றுவரை தன் படைக்குத் தலைவராக இருந்தவர், இன்று தன்னைவிட இளையவரிடம் “நான் எங்கே நிற்கட்டும்?” என்று கேட்க வேண்டும். பலருக்கு அது லேசில் வராது.

கே: படைகளுக்குள் போட்டி இருக்காதா? தன் வித்தையை அடுத்தவனுக்கு யார் சொல்லித் தருவார்கள்?

ப: போட்டி தாராளமாக உண்டு. யார் கதவை முதலில் உடைத்தது என்று வாரக்கணக்கில் பேசுவார்கள். இருந்தாலும் 1977 அக்டோபரில் கடத்தப்பட்ட ஜெர்மன் விமானத்தை சோமாலியாவின் மொகதிஷுவில் ஜிஎஸ்ஜி-9 என்ற ஜெர்மன் அதிரடிப்படை மீட்கப் போனபோது, பிரிட்டனின் எஸ்ஏஎஸ் என்ற சிறப்புப் படை வீரர்கள் இருவர் கண்ணையும் காதையும் திகைக்க வைக்கும் குண்டுகளோடு கூடவே போனார்கள். அந்தத் தாக்குதலில் பயணிகள் 86 பேரும் உயிரோடு மீண்டார்கள். எஸ்ஏஎஸ் ராணுவப் படை, ஜிஎஸ்ஜி-9 போலீஸ் படை, நாடும் வேறு; ஆனாலும் கூடப் போனார்கள்.

கூட்டுப் பயிற்சி என்றால் முதல் நாளே துப்பாக்கியைத் தூக்காதீர்கள் என்பேன். வயர்லெஸை மாற்றிக்கொண்டு பேசிப் பாருங்கள், அடுத்தவர் கேடயத்தைத் தூக்கிப் பாருங்கள். ரோந்துக் காவலர்களையும் கூப்பிடுங்கள். சம்பவ இடத்துக்கு முதலில் போய்ச் சேருவது அவர்கள்தான்.